ஆற்றுக்குக் கடன்பட்ட எழுத்தாளர் ரோடரிக் ஹெய்க்-பிரவுன்

ஆற்றைப் பாடாத புலவர் நம் மொழியில் அரியர். வையையும் காவிரியும் பொருநையும் நம் பாட்டில் ஓடிய அளவுக்குப் பிறநாட்டு ஆறுகள் அந்நாட்டுப் பாட்டில் ஓடியிருக்குமா என்பது ஐயமே. ஆயினும் பாடிய ஆற்றுக்கு நாம் என்ன செய்தோம் என்று ஒருவர் கேட்டால், விடை கூற நமக்குத் தயக்கம் உண்டாகும். மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலருக்கு ஓர் எழுத்தாளரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு பணிக்கப்பட்டபோது, அக்கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை தந்த ஒருவர் நினைவுக்கு வந்தார். அவர் தமிழரல்லர், தமிழ்நாட்டுக்கு வந்தவருமல்லர். கனடாவின் மேற்குக் கோடியில், வான்கூவர் தீவில் ஓர் ஆற்றங்கரையில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து, தூண்டில் போட்டு, நூல் எழுதி, அவ்வாற்றுக்காகவே வாதாடி மறைந்தவர். ரோடரிக் ஹெய்க்-பிரவுன் என்பது அவர் பெயர்.

ஏறுமீன்களின் நாடு

அவர் வரலாற்றுக்குள் புகுமுன் அவர் வாழ்க்கையை ஆட்கொண்ட மீன்களைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். நம் கடற்கரையில் காலா மீனை ஆங்கிலத்தில் இந்தியச் சால்மன் என்று வழங்குவர். ஆனால் அது வேறினம். இங்கே நாம் பேசும் சால்மன் பசிபிக் பெருங்கடலின் வடபகுதிக்கு உரியது. சினூக், கோஹோ, சாக்கை, பிங்க், சம் என அவற்றுள் ஐவகை அமெரிக்கக் கரையோரத்து ஆறுகளில் ஏறுகின்றன. ஆற்றின் கூழாங்கற்களுக்கிடையே முட்டையிலிருந்து வெளிப்பட்டுக் கடலுக்குச் சென்று, அங்கே பருத்து வளர்ந்து, பிறந்த ஆற்றையே தேடி மீள்பவை அவை. அருவியைத் தாவியும் விரைநீரை எதிர்த்தும் மேலேறி, பரல் நிலத்தில் முட்டையிட்டு, அங்கேயே மடிகின்றன. மடிந்த உடல்கள் ஆற்றுக்கும் கரைக்காட்டுக்கும் உரமாகின்றன. கடலின் வளத்தைத் தம் உடலில் சுமந்து வந்து மலைக்கு ஈந்துவிட்டு மறையும் உயிர்கள் என்று அவற்றைக் கூறலாம்.

ஸ்டீல்ஹெட் என்பது இவற்றுக்கு உறவான மற்றொரு மீன். வானவில் டிரவுட் என்ற நன்னீர் மீனில் கடலுக்குச் சென்று மீளும் வகையே அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் நீலகிரிக்குக் கொண்டுவந்து அவலாஞ்சியில் வளர்த்த டிரவுட்டும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. எனவே ஸ்டீல்ஹெட் நமக்கு முற்றிலும் அயலான மீனன்று. சால்மனைப் போல் முட்டையிட்டவுடன் அது தவறாது மடிவதில்லை. பிழைத்தவை மீண்டும் கடல் சேர்ந்து மறுமுறையும் வரக்கூடும். சில கூட்டங்கள் பனிக்காலத்திலும் சில கோடையிலும் ஆறேறும். எண்ணிக்கையில் குறைந்தது, ஆற்றலில் மிகுந்தது, எளிதில் அகப்படாதது. தூண்டில்காரருக்கு அதன்மேல் தனிக் காதல் உண்டானதில் வியப்பில்லை.

பிறப்பும் இளமையும்

ரோடரிக் 1908ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 21ஆம் நாள் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் லான்சிங் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஆலன் ஆசிரியர். விளையாட்டு, வேட்டை, மீன்பிடிப்பு ஆகியவை பற்றி எழுதியவரும் ஆவார். முதல் உலகப் போரில் படைத்தலைவராகப் பணியாற்றிய அவர் 1918ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பிரான்சுப் போர்க்களத்தில் வீழ்ந்தார். அப்போது மகனுக்கு வயது பத்து.

தந்தையை இழந்த சிறுவன் டார்செட் பகுதியிலிருந்த தாய்வழிப் பாட்டனார் வீட்டின் அரவணைப்பில் வளர்ந்தான். நாவலாசிரியரும் கவிஞருமான தாமஸ் ஹார்டி அக்குடும்பத்துக்கு நன்கு அறிமுகமானவர். அப்பகுதியில் ஓடும் ஃபுரோம் ஆறு சுண்ணாம்புப் பாறையில் ஊறும் தெளிநீர் ஆறு. தந்தையின் இடத்தில் நின்று பெரியவர்கள் அச்சிறுவனுக்குத் தூண்டிலும் துப்பாக்கியும் பழக்கினர். நீரைக் கலக்காமல் நடக்கவும், மீனைக் காணுமுன் நீரைக் காணவும் அங்கேதான் அவர் கற்றார்.

பாட்டனார் ஒருவர் தலைமையாசிரியராக இருந்து புகழ்பெற்ற சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் அவர் சேர்க்கப்பட்டார். ஆனால் பள்ளியின் கட்டுப்பாடு அவர் இயல்புக்கு ஒத்துவரவில்லை. விதிகளை மீறிய காரணத்தால் படிப்பை முடிக்காமலே வெளியேற நேர்ந்தது. குடியேற்ற நாடுகளில் ஆட்சிப் பணி அவருக்கு அமையலாம் என்று குடும்பத்தார் எண்ணியிருந்தனர்; அதற்கு வயது போதவில்லை. இடைக்காலத்தைக் கழிக்க, அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இருந்த உறவினரிடம் 1926ஆம் ஆண்டு அனுப்பப்பட்டார். சில காலம் தங்கித் திரும்புவதாகச் சென்றவரை அந்த நாட்டின் ஆறுகள் விடவில்லை.

காடும் கடலும்

வாஷிங்டன் மாநிலத்தில் மரம் வெட்டும் முகாம் ஒன்றில் அவர் வேலைக்கு அமர்ந்தார். அங்கே தங்குவதற்குரிய அனுமதி முடிந்ததும் எல்லை கடந்து கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்குச் சென்றார். வான்கூவர் தீவின் வடபகுதியில் நிம்ப்கிஷ் ஆற்றையொட்டி மரவேலை, கண்ணி வைத்தல், மீன்பிடித்தொழில், வேட்டைக்காரர்க்கு வழிகாட்டல் என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார். உயர்குடிப் பள்ளியில் படித்த இளைஞர் கோடரியும் வலையும் பிடித்துக் கைகாய்த்துப் போனார். அக்காய்ப்பே பின்னாளில் அவர் எழுத்துக்கு வலிமை தந்தது எனலாம்.

1929ஆம் ஆண்டு இங்கிலாந்து திரும்பி ஏறத்தாழ ஈராண்டு தங்கினார். அங்கேதான் முதல் நூல் பிறந்தது. சில்வர் என்னும் அந்நூல் அட்லாண்டிக் சால்மன் ஒன்றின் வாழ்க்கை வரலாறு, 1931இல் வெளிவந்தது. மறு ஆண்டில் வெளிவந்த நூலுக்கு, மடுவும் விரைநீரும் என்று பொருள்படும் பெயரிட்டு, வான்கூவர் தீவின் ஓர் ஆற்றையே கதைப்பொருளாக்கினார். இலண்டன் நகரில் அமர்ந்து எழுதியவரின் உள்ளம் எங்கே இருந்தது என்பதை அந்நூலே காட்டிவிடும். 1931ஆம் ஆண்டு இறுதியில் அவர் அத்தீவுக்கே மீண்டார். பிறந்த ஆற்றைத் தேடி மீள்வது சால்மனின் இயல்பு. இவரோ தாமே தேர்ந்துகொண்ட ஆற்றுக்கு மீண்டார். நம் மரபில் சொல்வதானால், தம் திணையைக் கண்டுகொண்டார்.

அக்காலத்தில் மலைச்சிங்கம் எனப்படும் கூகரைக் கொல்வோர்க்கு அரசு பரிசுத்தொகை வழங்கி வந்தது. ஹெய்க்-பிரவுன் அவ்வேட்டையில் தேர்ந்த ஒருவருடன் காட்டில் அலைந்து, தாமும் அவ்விலங்கைக் கொன்றார். அதன் வாழ்க்கையை அறிந்து 1934இல் நாவலாகவும் எழுதினார். இதை மறைக்க வேண்டியதில்லை. கொன்று அறிந்தவர் அறிந்தபின் கொல்லத் தயங்கினார். ஆண்டுகள் செல்லச் செல்ல வேட்டையில் அவர் விருப்பம் குறைந்தது. பிடித்த மீனையும் பெரும்பாலும் நீரிலேயே விட்டுவிடும் வழக்கம் வந்தது. பிறவியிலேயே அருளாளராக இருந்தவரைவிட, பழகிப் பழகி அருள் வந்தவரின் வரலாறு நமக்குப் பயன் மிகுந்தது.

ஆற்றங்கரை வீடு

1934ஆம் ஆண்டு சியாட்டில் நகரைச் சேர்ந்த ஆன் எல்மோர் என்னும் நங்கையை அவர் மணந்தார். நூல்களில் ஆழ்ந்த பற்றுடைய அவ்வம்மையார் பின்னர் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் நூலகராகப் பணிபுரிந்தவர். துன்புற்று வரும் பெண்டிர்க்குத் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தவர். இன்று அவ்வூரில் அத்தகைய பெண்களுக்கான காப்பில்லம் அவர் பெயரால் வழங்குகிறது. கேம்ப்பெல் ஆற்றின் கரையில் இவ்விருவரும் குடியேறினர். மூன்று பெண்களும் ஓர் ஆணுமாக நான்கு மக்கள் பிறந்தனர். ஆற்றை நோக்கிய சாளரம் கொண்ட அறையில், சுவர்நிறைந்த நூல்களுக்கு நடுவே அவர் எழுதினார். எழுதிய நேரம் போக நிலத்தை உழுதார், ஆடுமாடு வளர்த்தார், தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார்.

கேம்ப்பெல் ஆறு நீளத்தால் பெரிய ஆறன்று. கடலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே எல்க் அருவி குறுக்கிடுகிறது. மீன் அதற்குமேல் ஏற இயலாது. ஆனால் அக்குறுகிய நீர்ப்பரப்பில் ஏறிய சினூக் சால்மன்கள் உலகப் புகழ் பெற்றவை. 30 பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள சினூக்கை அங்கே டையீ என்று சிறப்பித்து அழைப்பர். அதனைத் துடுப்புப் படகிலிருந்து பிடிப்போர்க்கென 1924ஆம் ஆண்டிலேயே ஒரு கழகம் தோன்றியிருந்தது.

ஹெய்க்-பிரவுன் பெரிதும் விரும்பியது ஆற்றுக்குள் இறங்கி நின்று ஈத்தூண்டில் வீசுவதை. இம்முறையில் முள்ளில் புழுவையோ இரையையோ கோப்பதில்லை. இறகும் மயிரும் நூலும் கொண்டு முள்ளையே பூச்சிபோல் கட்டி, வளையும் கோலால் கனத்த கயிற்றை வீசி, நீர்மேல் மெல்ல இறக்குவர். ஆறேறும் சால்மன் இரை உண்பதை நிறுத்திவிடும். ஸ்டீல்ஹெட்டும் மிகக் குறைவாகவே உண்ணும். உண்ணாத மீன் ஏன் ஈயைக் கவ்வுகிறது? சினமா, பழக்கமா, குஞ்சாயிருந்த காலத்து நினைவா? அவ்வினாவே அவரை ஆண்டுக்கணக்கில் ஆற்றில் நிறுத்தியது. ஸ்டீல்ஹெட் நீரின் அடியில்தான் இரை கவ்வும் என்று பலர் நம்பிய நாளில், மிதக்கும் ஈயால் அதனை மேற்பரப்புக்கு எழுப்பினார். அதற்கென அவர் கட்டிய தேனீ வடிவ ஈ இன்றும் அவர் கைவண்ணமாகப் போற்றப்படுகிறது. முதிர்ந்த வயதில் நீர்முழுக்கு உடை அணிந்து, முகமூடியுடன் ஆற்றுக்குள் மூழ்கி, கரையிலிருந்து ஊகித்ததை மீனின் அருகிலிருந்தே சரிபார்த்தார்.

நூல்கள்

1939இல் மேற்குக் கரையின் மீன்களையும் தூண்டில் கலையையும் பற்றி இரு தொகுதிகளாக ஒரு பெருநூல் எழுதினார். 1941இல் வந்த ரிட்டர்ன் டு த ரிவர் என்னும் நூலில் கொலம்பியா ஆற்றுச் சினூக் ஒன்றின் வாழ்வைக் கதையாக்கினார். அவ்வாற்றில் பான்வில் அணை 1938இல் எழுந்திருந்தது. அதற்கு மீனேணி உண்டு. அதற்குமேல் கட்டப்பட்ட கிராண்ட் கூலி அணைக்கோ மீன் ஏற வழியே இல்லை. மேலாற்றுக்குச் சென்றுவந்த சால்மன் கூட்டங்கள் அதனோடு அற்றுப்போயின. மீனின் கதையைச் சொல்லும் நூல் அணையின் கதையையும் சொல்ல நேர்ந்தது.

1946இல் வெளிவந்த எ ரிவர் நெவர் ஸ்லீப்ஸ் அவர் நூல்களுள் தலையாயது என்பர். ஆறு உறங்குவதில்லை என்பது அப்பெயரின் பொருள். சனவரி முதல் திசம்பர் வரை திங்களுக்கு ஒரு பகுதியாக அமைந்தது. பனி மூடிய சனவரியில் ஸ்டீல்ஹெட்டைத் தேடுவதில் தொடங்குகிறது. இளவேனில், கோடை, இலையுதிர்காலம், பனிக்காலம் ஆகிய பருவங்களின் பெயரால் பின்னர் நான்கு தூண்டில் நூல்கள் 1951 முதல் 1964 வரை வெளிவந்தன. சிறுவர்க்கான நாவல் ஒன்று கனடாவின் ஆளுநர் பரிசைப் பெற்றது. நம் இலக்கணத்தார் நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றனர். அவ்விலக்கணத்தை அறியாமலே அதன்படி எழுதியவர் அவர். அவர் நூலில் மீன் மட்டும் தனியே வருவதில்லை. எந்தத் திங்கள், எந்த நீர்மட்டம், கரையில் எந்த மரம், கல்லில் எந்தப் பறவை என்பதெல்லாம் சேர்ந்தே வரும்.

நடுவர் இருக்கையில்

1940களின் தொடக்கத்தில் அவர் அவ்வூரின் மாஜிஸ்திரேட்டாக அமர்த்தப்பட்டார். சட்டம் படித்துப் பட்டம் பெறாதவர். தாமே கற்றுத் தேர்ந்தார். உலகப் போரின்போது கனடியப் படையில் பணியாற்றிய இடைவெளி நீங்கலாக, 1970களின் நடுப்பகுதி வரை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்பணி நீடித்தது. மரம் வெட்டுவோர், மீனவர், சுரங்கத் தொழிலாளர் வாழும் சிற்றூர் அது. இருக்கைக்கு முன் நின்றவர்களில் பலர் அவர் அண்டை வீட்டார். சிலர் அவரோடு காட்டில் உழைத்தவர்களை ஒத்தவர்கள். குற்றவாளியைக் கூண்டில் மட்டும் காணாமல் தெருவிலும் நாள்தோறும் காணவேண்டிய நடுவரின் பாடு எளிதன்று. சட்டமும் இரக்கமும் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளில் அப்பட்டறிவு படிந்திருக்கிறது.

தோற்ற வழக்கு

கேம்ப்பெல் ஆற்றின் தலைப்பகுதியில் பட்டில் ஏரி என்னும் மலையேரி உண்டு. மாகாணத்தின் முதற் பூங்காவாக 1911இல் நிறுவப்பெற்ற ஸ்டிராத்கோனாப் பூங்காவுக்குள் அது அமைந்தது. ஆற்றில் எல்க் அருவியருகே ஜான் ஹார்ட் அணை 1947இல் மின்னாக்கம் தொடங்கியிருந்தது. அடுத்து மேலும் நீர் தேக்க, அரசு மின்துறை பட்டில் ஏரியின் மட்டத்தை உயர்த்தத் திட்டமிட்டது. பூங்கா என்று மக்களுக்கு எழுதிக் கொடுத்த நிலத்தை மின்சாரத்துக்காக மூழ்கடிக்கலாமா என்று ஹெய்க்-பிரவுன் எழுந்தார். 1950களின் முற்பகுதியில் விசாரணைகளில் வாதாடினார், இதழ்களில் எழுதினார், கூட்டங்களில் பேசினார். அரசு ஊதியம் பெறும் நடுவர் ஒருவர் அரசின் திட்டத்தையே எதிர்ப்பது அன்று துணிவான செயல்.

அவர் தோற்றார். அணையின் இடம் ஏரியின் வாயிலிலிருந்து கீழே மாற்றப்பட்டது, ஏரியோ தப்பவில்லை. 1958இல் ஸ்டிராத்கோனா அணை முடிவுற்றபோது பட்டில் ஏரி உயர்ந்து, கீழிருந்த ஏரியோடு ஒரே நீர்த்தேக்கமாயிற்று. ஏரிக்கரைக் காடு நீரடியாயிற்று. 1960களில் அதே பூங்காவுக்குள் சுரங்கத்துக்கும் இடம் தரப்பட்டது. அவர் வீட்டுச் சாளரத்தின் கீழ் ஓடிய நீர் இனி அணையின் கதவு திறந்தால் வருவது, மூடினால் குறைவது. மேலிருந்து வெள்ளம் கொண்டுவந்து பரப்பும் கூழாங்கற்கள் அணையில் தங்கிவிட, மீன் முட்டையிடும் பரல் நிலமும் கீழே மெலிந்தது.

இவ்விடத்தில் மற்றொருவர் பேனாவை மூடியிருப்பார். அல்லது இழந்த ஏரிக்கு இரங்கற்பா எழுதி அமைந்திருப்பார். ஹெய்க்-பிரவுன் அடுத்த ஆற்றுக்குச் சென்றார். அம்மாகாணத்தின் பேராறாகிய ஃபிரேசரின் குறுக்கே மோரன் என்னுமிடத்தில் மாபெரும் அணை கட்டும் எண்ணம் நெடுங்காலம் பேசப்பட்டு வந்தது. அது கட்டப்பட்டிருந்தால் மேலாற்றுச் சாக்கைக் கூட்டங்கள் அழிந்திருக்கும். அதனை எதிர்த்து எழுந்த பல குரல்களில் அவர் குரலும் ஒன்று. 1970களின் தொடக்கத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஃபிரேசரின் முதன்மை ஓட்டம் இன்றுவரை அணையின்றி ஓடுகிறது. சிற்றாற்றில் தோற்றவர், பேராற்றைக் காத்தவர் கூட்டத்தில் ஒருவராக நின்றார். கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து அமைத்த பசிபிக் சால்மன் ஆணையத்தில் 1970 முதல் உறுப்பினராக இருந்தார். அதே ஆண்டு விக்டோரியா பல்கலைக்கழகம் அவரைத் தன் வேந்தராகத் தேர்ந்தது. பள்ளிப் படிப்பை முடிக்காதவர் 1973 வரை அப்பதவியில் இருந்து பட்டங்களை வழங்கினார்!

மறைவும் எச்சமும்

1976ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள், அறுபத்தெட்டாம் வயதில், தம் ஆற்றங்கரை வீட்டில் அவர் உயிர் நீத்தார். சால்மன்கள் கடலை விட்டு ஆறேறி முட்டையிட வரும் பருவம் அது.

அவ்வீடு இன்று பேணப்படும் பாரம்பரிய இல்லம். எழுத்தாளர்கள் தங்கி எழுதவும் அங்கே இடம் அளிக்கப்பட்டு வந்துள்ளது. அவர் நிலத்தினூடே ஓடும் சிற்றோடை மீன் வாழ்வதற்கேற்பச் சீரமைக்கப்பட்டது. 1977இல், சாக்கை மீன்கள் நான்காண்டுக்கு ஒருமுறை பெருந்திரளாக ஏறும் ஆடம்ஸ் ஆற்றங்கரைப் பூங்காவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2018இல் அப்பெயர் மாற்றப்பட்டு, அந்நிலத்தின் தொல்குடியினரான செக்வெப்மக் மக்களின் மொழியில், பல ஆறுகள் என்று பொருள்படும் சூச்வெக் என்ற பெயர் வழங்கலாயிற்று. இதனை அவருக்கு நேர்ந்த இழுக்கென்று கருத வேண்டியதில்லை. அவர் கடல் கடந்து வருமுன் எண்ணற்ற தலைமுறைகள் அம்மீனை உண்டு, அம்மீனைப் பாடி, அவ்வாற்றைப் பேணியவர்கள் அம்மக்கள். ஆறு தன் பழம்பெயரைப் பெறுவது, ஆற்றை நேசித்தவருக்கு மகிழ்ச்சியே தரும்.

கவலை வேறிடத்தில் இருக்கிறது. அதே 2018ஆம் ஆண்டில், ஃபிரேசரின் கிளைகளாகிய தாம்சன், சில்கோட்டின் ஆறுகளின் ஸ்டீல்ஹெட் கூட்டங்கள் அழிவின் விளிம்பில் உள்ளன என்று கனடிய அறிவியலறிஞர் குழு அவசர மதிப்பீட்டில் அறிவித்தது. அணை இல்லாத ஆற்றிலும் மீன் குறைகிறது. கடலின் வெப்பமும் வலைகளும் ஆற்றின் சிதைவும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஆறு உறங்குவதில்லை என்று பெயரிட்டவரின் நூல் இன்றும் கிடைக்கிறது. அதில் வரும் மீன் இன்னும் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்பதே வினா.

கவிஞர் நிறைந்த நம் மன்றத்துக்கு இவ்வரலாறு எதற்கு? ஹெய்க்-பிரவுன் நூல்கள் மட்டும் எழுதியிருந்தால் நல்ல எழுத்தாளர் என்று போற்றிவிட்டு நகர்ந்திருக்கலாம். எழுதுவதற்குப் பொருள் தந்த ஆற்றிடம் தாம் கடன்பட்டிருப்பதாக அவர் வாழ்ந்தார். அக்கடனை அடைக்க விசாரணை மன்றத்தின் மர நாற்காலியில் மணிக்கணக்காக அமர்ந்தார்; நீர்மட்டக் கணக்குகளைப் படித்தார்; தோற்ற பின்னும் மறுநாள் எழுதினார். நம் பாட்டில் ஓடும் ஆறுகளுக்கும் நம்மிடம் அத்தகைய கணக்கொன்று நிலுவையில் இருக்கிறது. பத்தாண்டு நிறைவில் நாம் பாடியவற்றை எண்ணிப் பார்க்கும் வேளையில், செலுத்த வேண்டியதையும் சேர்த்து எண்ணுவோமாக.